எஞ்சின் பழகும்வரை

"கயித்தை இழுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிச்சுக்குங்க," என்றாள் மனைவி, குளியலறை வாசலில் நின்றபடி. "இது நமக்கு மூணாவது வீடு."

கேப்டன் யோசிக்கத்தான் செய்தார். கேப்டன் என்பது மனைவி வைத்த பெயர். காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் அவர், நிஜக் கப்பலைப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் இரண்டு முழ நீளத்தில் ஒரு பந்தயப் படகு வைத்திருந்தார். அதைப் பொம்மை என்று சொன்னவர்களோடு அவர் பேசுவதில்லை.

அந்தப் படகு இப்போது குளியல் தொட்டியில், குழாயோடு கட்டப்பட்டு மிதந்தது. அதன் வயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்கு நைட்ரோ எரிபொருளில் ஓடும் ஒரு புத்தம்புது எஞ்சின். மறுநாள் குளத்தில் போட்டி. வழக்கமாகக் கடைசியில் வருகிறவர் கேப்டன்தான்.

புது எஞ்சினை எடுத்த எடுப்பில் விரட்டினால் உள்ளே கீறி, அன்றோடு கதை முடிந்துவிடும். எண்ணெய் கலந்த எரிபொருளைத் தாராளமாக ஊட்டி, இருமிக்கொண்டே மெதுவாக ஓட விட வேண்டும். டாங்க் தீர்ந்ததும் ஆற வைத்து, மறுபடி நிரப்ப வேண்டும். இப்படி நான்கு டாங்க் ஓடினால் எஞ்சின் பழகிவிடும். இதைக் குளத்திலேயே செய்திருக்கலாம். மற்ற போட்டிக்காரர்கள் பார்த்துக் கண்வைத்துவிடுவார்கள் என்று கேப்டனுக்குப் பயம்.

கீழே குடியிருந்த வீட்டுக்காரரோ, பழைய எஞ்சினின் சத்தத்துக்கே மாடியேறி வந்தவர். "இன்னொரு தடவை இந்தச் சத்தம் கேட்டா, வேற வீடு பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"அவர் காலி பண்ணச் சொன்னா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்," என்றாள் மனைவி. "நீங்க அந்தப் படகுல குடித்தனம் பண்ணுங்க."

"நாலே டாங்க்தான். கேக்கவே கேக்காது," என்று எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார் கேப்டன்.

எஞ்சின் இரண்டு முறை தும்மிவிட்டுப் பிடித்துக்கொண்டது. மரம் அறுக்கும் மிஷினைக் குளியலறைக்குள் கொண்டுவந்து வைத்ததுபோல் இருந்தது. சுவர்ப் பிறையிலிருந்த சோப்பு தானாக நகர்ந்து தண்ணீரில் விழுந்தது.

டாங்க் தீர்ந்து எஞ்சின் நின்றது. கீழிருந்து டொக், டொக், டொக் என்று கேட்டது.

"ஒட்டடைக் கம்பு," என்றாள் மனைவி. "அவங்க வீட்டுக் கூரையில இடிக்கிறார்."

"எப்ப ஆரம்பிச்சார்னே தெரியலையே."

"இது ஓடும்போது பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாது. நிறுத்தினாத்தானே நமக்குக் காது கேக்குது."

சத்தத்தை அமுக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று கேப்டன் முடிவு செய்தார். கட்டில் மெத்தையை இழுத்துவந்து தொட்டிக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினார். ஜன்னலைப் போர்வையால் அடைத்தார். இரண்டாவது டாங்கில் சத்தம் கொஞ்சம் அடங்கியது உண்மைதான். ஆனால் வெளியே போக வழியில்லாத புகை, வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தது. மெத்தை எண்ணெய் குடித்துப் பளபளத்தது.

"ராத்திரி எதுல படுக்கறது?" என்று கத்தினாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கேப்டன் பதில் சொல்வதற்குள் எஞ்சின் நின்றது. டொக், டொக், டொக், டொக். இந்த முறை மூலையிலிருந்த வாளியே ஆடியது.

"கோபம் ஏறியிருக்கு," என்றார் கேப்டன்.

"ஏறாம?"

அடுத்த யோசனை ரப்பர் குழாய். அதன் ஒரு முனையைப் புகைபோக்கியில் மாட்டி, மறு முனையை ஜன்னலுக்கு வெளியே விட்டார். மூன்றாவது டாங்க் அருமையாக ஓடியது. உள்ளே புகையில்லை, சத்தமும் பாதிதான். கேப்டன் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

மனைவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, கீழே கொடியில வெள்ளைச் சட்டை காயப்போட்டிருந்தாங்களே, பாத்தீங்களா?"

"ஆமா, அதுக்கென்ன?"

"இப்ப வெள்ளையா இல்ல."

குழாய் முனையிலிருந்து பழுப்பு எண்ணெய் வரிசையாக நான்கு சட்டைகள் மேல் சொட்டியிருந்தது. கேப்டன் பாய்ந்துபோய் எரிபொருள் குழாயை நசுக்கினார். எஞ்சின் நின்றதும், யாரோ மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது.

மனைவி செய்தித்தாளை எடுத்து வாடகை விளம்பரப் பக்கத்தை விரித்தாள். "படகு வளக்கிறவங்களுக்கு வீடு இல்லைன்னு யாரும் போடலை. அதுவரைக்கும் நல்லது," என்றாள். ஆனால் அவள் கண் விளம்பரத்தை விட்டுச் சமையலறைப் பக்கம் போனது. இந்த வீட்டுச் சமையலறை ஜன்னல் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னும் ஒரு டாங்குக்கு மேல் பாக்கி. அது ஓடாவிட்டால் நாளைக்குப் போட்டி இல்லை. ஓடினால் வீடு இல்லை. கேப்டன் மனைவியைப் பார்த்தார், படகைப் பார்த்தார். அழுகையே வந்துவிட்டது. படகை ஈரத்தோடு தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார்.

வீட்டுக்காரர் மூச்சிரைக்க நின்றிருந்தார். அவசரத்தில் ஒட்டடைக் கம்பைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"தப்புதான் சார்," என்றார் கேப்டன். "எஞ்சினைக் கழட்டி உங்ககிட்டயே குடுத்துடறேன். இனிமே இந்த வீட்டுல சத்தமே வராது."

வீட்டுக்காரரின் முகம் வெளிறியது. மாடிப்படியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். உள்ளே வந்து, கதவை மெல்லச் சாத்தி, கேப்டனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காரியத்தைக் கெடுத்துடாதீங்க தம்பி, ரெண்டு நாள்னு வந்து மூணு மாசமா டேரா போட்டிருக்கிற என் மச்சினர், சத்தம் வந்ததும் பெட்டி கட்ட ஆரம்பிக்கிறார், பாதி கட்டும்போது நீங்க நிறுத்திடறீங்க."