எழுத்தில் யாரும் அவுட் இல்லை

இதை நான் தப்பாகத்தான் சொல்லப் போகிறேன் என்று பயமாக இருக்கிறது. ஹட்டனில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பேஸ்பால் என்பதையே முதல் மாதம் முழுக்க முகத்தில் பூசுகிற ஏதோ பால் என்றுதான் நினைத்திருந்தேன். ஆகவே இதில் பிழை ஏதாவது இருந்தால் அது என்னுடையது. சரியாக ஏதாவது வந்துவிட்டால் அது நிர்வாகத்தின் வழிகாட்டுதலால் நேர்ந்தது. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுவது நல்லது.

என் பெயர் சிவகொழுந்து. அஜ்மானில் தண்ணீர்த் தொட்டி செய்கிற ஒரு கம்பெனியில் பேன்ட்ரியில் இருக்கிறேன். இலங்கைத் தேயிலை மலைநாட்டுக்காரி, பெயரிலேயே கொழுந்து வேறு இருக்கிறது என்று வந்த அன்றே டீ போட அனுப்பிவிட்டார்கள். பதினோரு வருஷமாகிறது.

போன அக்டோபரில் துபாய் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு தீர்மானம் வந்தது. இந்த ஆண்டு ஊழியர்கள் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு விளையாட்டு அணி வேண்டும். கிரிக்கெட் என்றால் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததற்குப் பயிற்சி கொடுக்க முடியாது. பயிற்சி இல்லாவிட்டால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாத மகிழ்ச்சியை யார் நம்புவார்கள்? ஆகையால் யாருக்குமே தெரியாத பேஸ்பால் தேர்ந்தெடுக்கப்பட்டது. சுற்றுவட்டாரத்து ஆறு கம்பெனிகள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆடுவதென்று முடிவாயிற்று. நின்று ஓடுவதற்கு நாலு மூலையிலும் ஒவ்வொரு தட்டு வேண்டுமாம், அதற்குப் பேஸ் என்று பெயராம். எங்கள் மைதானத்தில் தொட்டி மூடிகளைப் போட்டார்கள்.

நான் மைதானத்துக்கு டீ ஃபிளாஸ்க் கொண்டுபோனவள். ஹெச்.ஆர். மேனேஜர் பத்மநாபன் சார் கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனுஷர். அதுதான் எனக்கு வந்த கஷ்டமே.

"அக்கா, ஸ்கோர் எழுத ஆள் வேணுமுங்க. நீங்க எழுதுங்க."

"சார், எனக்கு அந்த விளையாட்டு ஒண்ணும் தெரியாதே."

"தெரிஞ்சவங்கன்னா ஒரு பக்கமாச் சாஞ்சு எழுதுவாங்க. தெரியாதவங்கதான் நடுநிலை."

"இங்கிலீஷும் அஞ்சாறு வார்த்தைதான் சார்."

"அந்த ஆட்டமே அஞ்சாறு வார்த்தைதானுங்க."

அணித் தலைவர் விஷால், சேல்ஸில் இருக்கிற சென்னைப் பிள்ளை, அந்த அஞ்சாறு வார்த்தையை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பந்தை அடிக்காமல் விட்டால் ஸ்ட்ரைக். பந்து வீசுகிறவர் அசந்த நேரத்தில் அடுத்த மூடிக்கு ஓடிவிட்டால் ஸ்டீல், அதாவது அந்த மூடியைத் திருடிவிட்டார். நாலு மூலையையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் ஹோம் ரன். மூடியைத் தொடுமுன் மாட்டிக்கொண்டால் அவுட். தொட்டுவிட்டால் சேஃப். பெயருக்கு நேரே இதில் ஒன்றைப் பெரிய எழுத்தில் எழுதினால் போதும்.

மார்ச் பிறந்தபோது ஏழு ஆட்டம் முடிந்து, இரண்டில்தான் வென்றிருந்தோம். மீதி மூன்றையும் வென்றால் நான்காம் இடம். முதல் நான்கு அணிகளுக்குப் பிளேஆஃப். எனக்கு அந்தப் பிளேஆஃப் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. பருவம் முடியும்வரை யாருடைய லீவு விண்ணப்பமும் பார்க்கப்படாது. பருவம் முடிந்து அணி முதல் நான்கில் இருந்தால் எல்லா விண்ணப்பமும் அன்றே கையெழுத்தாகும். இல்லாவிட்டால் "முறைப்படி பரிசீலிக்கப்படும்". எங்கள் கம்பெனியில் முறைப்படி என்றால் ஐந்து மாதம். ஹட்டனில் என் மகள் சுகந்தாவுக்கு ஏப்ரல் முதல் வாரத்தில் பிரசவம், தலைப்பிள்ளை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பேஸ்பால் என்றால் என்னவென்று தெரியாமலே அதற்காகச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

எட்டாவது ஆட்டத்தில் சாமி கண் திறந்தது. ஸ்டோர் கீப்பர் சுஜந்தன் இரண்டாவது மூடியை இரண்டு தடவை ஸ்டீல் செய்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற காதர் மைதீன் பந்தை மதிலுக்கு அந்தப் பக்கம் அடித்துவிட்டு ஒரு சுற்று ஓடி வந்தார். விஷால் தம்பி மட்டும் மூன்று ஸ்ட்ரைக். வென்றுவிட்டோம். நான் ஒன்றுவிடாமல் எழுதி, முத்துமுத்தாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

அந்தத் தாள் தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டருக்குப் போனது. அதற்குப் பேஸ்பால் தெரியாது, ஹெச்.ஆர். மட்டும்தான் தெரியும்.

திங்கட்கிழமை நான் டீ கொண்டுபோனபோது சுஜந்தன் பத்மநாபன் சார் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டாவது பேஸ ரெண்டு தடவை திருடினதா எழுத்துல இருக்குங்களே."

"சேர், நான் ஒண்டும் களவெடுக்கேல்லை. ஓடிப்போய் மேல நிண்டனான், அவ்வளவுதான்."

"திருடிட்டு அது மேலேயே நின்னீங்களா?"

"அது விளையாட்டு, சேர்."

"விளையாட்டாச் செஞ்சேன்னு எழுதிக் கொடுங்க. மன்னிக்க இடமிருக்கு."

ஸ்டோர் கீப்பர் பெயருக்கு நேரே திருட்டு என்று வந்தால் ஸ்டோர் முழுக்க எண்ண வேண்டும் என்பது விதி. இரண்டு நாள் எண்ணினார்கள். திருடியது இரண்டு தடவை என்பதால் இரண்டு மூடி திரும்பி வந்தால்தான் கோப்பு மூடும் என்றார்கள். சுஜந்தன் மைதானத்துக்குப் போய் இரண்டு மூடியைப் பெயர்த்துக்கொண்டு வந்து, ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படைத்தார். அவை ஏற்கெனவே ஸ்டோர் கணக்கில் வெளியே போனதாக இருந்ததால் இப்போது ஸ்டோரில் இரண்டு மூடி கூடுதல். அதற்குத் தனி விளக்கக் கடிதம்.

அடுத்து காதர் மைதீன்.

"நீங்க ஊருக்கு ஓடிட்டதா பதிவாயிருக்கு."

"சார், உங்க முன்னாடிதானே நிக்கிறேன்?"

"நிக்கிறது தனி விஷயமுங்க. எழுத்துல ஓடிட்டீங்க. ஹோம், ரன்."

"ஓடினேன்தான் சார். ஆனா திரும்பி வந்துட்டேன். திரும்பி வந்தாத்தான் அது ஹோம் ரன்."

"அப்போ போனதை ஒத்துக்கிறீங்க."

காதர் மைதீனுக்கு முகம் வெளுத்துவிட்டது. இருக்காதா? இங்கே கம்பெனியை விட்டு ஓடிப்போனதாகப் பதிவானால் விசா போய்விடும், போலீசும் தேடும். ஓடிப்போனவர் என்ற சொல் பக்கத்து ரூம்காரன் பெயருக்கு நேரே வந்தாலே நமக்கெல்லாம் சோறு இறங்காது. கடைசியில், ஓடாத நாளிலிருந்து மீண்டும் வேலையில் சேர்ந்ததாக ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தார். அது கையெழுத்தாகி வரும்வரை ஆடக் கூடாது, இல்லாதவர் எப்படி ஆடுவார் என்று கேட்டார்கள். ஃபோர்க்லிஃப்ட் மட்டும் ஓட்டலாம், லோடு இருக்கிறது.

விஷால் தம்பியைக் கூப்பிட்டபோது பத்மநாபன் சார் கதவைச் சாத்திவிட்டார். நான் உள்ளேயே மாட்டிக்கொண்டேன்.

"மூணு ஸ்ட்ரைக்! ஒரே காலையில! கோரிக்கை என்னங்க?"

"பந்து கொஞ்சம் மெதுவா வரணும் சார். வேற ஒண்ணுமில்ல."

"தயவுசெஞ்சு அதை எழுத்துல கொடுத்துடாதீங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா, உங்களுக்கு ரெண்டு வார்னிங். ஒண்ணு, எழுதினதுக்கு. இன்னொண்ணு, நடந்ததை அப்படியே எழுதினதுக்கு. மூணாவது வந்தா இந்த வருஷ லீவு ரத்துங்க. நான் மனசு வெச்சாலும் முடியாது."

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. இனி ஸ்ட்ரைக் என்று எழுதக் கூடாது, "பந்துடன் தற்காலிகத் தொடர்பின்மை" என்று எழுத வேண்டும். ஸ்டீல் இல்லை, "முன்கூட்டிய இடமாற்றம்". ஹோம் ரன் இல்லை, "வளாகத்தை விட்டு நீங்காத சுற்றுப்பயணம்". அவுட் என்பது ஆளை மனம் நோகச் செய்கிறது, ஆகவே "பணி நிறைவு". சேஃப் மட்டும் தப்பித்தது. பாதுகாப்புப் பிரிவுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டதால், இயன்றவரை பயன்படுத்தி ஊக்குவிக்குமாறு அடிக்கோடிட்டிருந்தார்கள். திருத்தம் ஏதும் பருவம் முடிந்த பிறகே. வாய்மொழி உத்தரவு செல்லாது. கீழே பத்மநாபன் சார் கையெழுத்து.

இவையெல்லாம் இங்கிலீஷில் இருந்தன. விஷால் தம்பிதான் எனக்குத் தமிழில் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "அக்கா, இதை எழுதறதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிடும்" என்றார்.

ஒன்பதாவது ஆட்டத்தை ஆடாமலே வென்றோம். எதிர் அணியில் ஐந்து பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் அவர்கள் கம்பெனியில் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்களாம். அங்கேயும் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார்கள்.

மார்ச் கடைசி ஞாயிறு, பத்தாவது ஆட்டம். வென்றால் நான்காம் இடம். காதர் மைதீன் தனக்குத் தடை என்பதால் வேலிக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தார். இரண்டு மூடி இல்லாத இடத்தில் என் டீ ட்ரேயையும் பிஸ்கட் டின் மூடியையும் வைத்தார்கள். எதிர் அணி முதலில் அடிக்க வந்தது. அவர்களுடைய முதல் ஆளே ட்ரேயைத் தொடுமுன் பிடிபட்டார்.

"அவுட்!" என்று நடுவர் கையைத் தூக்கினார்.

பென்சிலை எடுத்தேன். அவுட் என்று எழுதக் கூடாது. பணி நிறைவு என்பதற்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங் நினைவில்லை. போன வாரம் பயிற்சி ஆட்டத்தில் அப்படித் தட்டுத்தடுமாறி ஒரு தடவை எழுதியதற்கே, கணக்குப்பிள்ளை வல்லிபுரம் ஐயா பிரிவுபசார விழா எப்போது என்று கேட்டு வந்து நின்றார். ஒரு எழுத்துத் தப்பினால் மூன்றாவது வார்னிங். சுகந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்கு நடப்பது கண்ணுக்குள் வந்தது. எனக்குப் பிழையில்லாமல் எழுத வருகிற, யாரும் தப்புச் சொல்லாத சொல் ஒன்றுதான் இருந்தது. சேஃப் என்று எழுதினேன். அடுத்தவர் பந்தை விட்டார், சேஃப். அதற்கடுத்தவர் ஓடினார், சேஃப். எங்கள் ஆட்கள் ஆடினார்கள், எல்லோரும் சேஃப். அன்று மைதானத்தில் நான் ஒருத்தி மட்டும்தான் வேர்க்காமல் வேலை செய்தேன்.

பதினொன்றுக்கு நாலு என்று தோற்றோம். டீ குடித்துவிட்டு எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

செவ்வாய்க்கிழமை பத்மநாபன் சார் பேன்ட்ரிக்கே ஓடி வந்தார். "அக்கா! நாம தோக்கலீங்க!"

"சார், நான் பார்த்தேனே?"

"பார்த்தது யாருக்கு வேணும்? மூணு பேர் அவுட் ஆனாத்தான் பக்கம் மாறும். உங்க தாள்ல ஒருத்தர்கூட அவுட் இல்ல. அப்படின்னா அவங்க இன்னும் முதல் சுற்றே அடிச்சிட்டிருக்காங்க. நாம இன்னும் மட்டையைத் தொடவே இல்ல. தலைமை அலுவலகத்துல பாராட்டு, நூறு சதவீதம் பாதுகாப்பான ஆட்டம்னு!"

அந்த வாரம் முழுக்கக் கேக் வெட்டினோம். யோசித்துப் பார்க்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

"சார், அப்போ ஆட்டம் முடியலையா?"

"முடியலீங்க."

"பருவம்?"

பத்மநாபன் சார் கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்தார். ஊரில் அவர் கட்டிய வீட்டுக்கு ஏப்ரலில் புதுமனை புகுவிழா. அவருடைய லீவுக் கடிதமும் அதே விண்ணப்பக் கட்டுக்குள்தான் இருந்தது.

ஏப்ரல் நாலாம் தேதி சுகந்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. போனில் பார்த்தேன். நெட் விட்டு விட்டு வந்ததில் காது ஒரு தரம், கால் ஒரு தரம் தெரிந்தது.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு யாரும்மா கூட வந்தா?" என்றேன்.

"பக்கத்து லயத்து வீட்டு அக்கா. நீ எப்பம்மா வார?"

"ஆட்டம் முடியல புள்ள."

"முடிச்சிட்டு வாயேன். அப்படி என்னத்த எழுதணும்?"

"அவுட்னு பதினெட்டுத் தடவ எழுதணும். மூணு சுற்று ஆட்டம், சுற்றுக்கு ஆறு."

"ஒரே வார்த்தைய எழுதவா ஒனக்குப் பயம்? நீதானே என்னைய அடிச்சு அடிச்சு எழுத வச்ச!"

நெட் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு அணியும் மைதானத்துக்கு வர வேண்டும், ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறதல்லவா? மே மாத வெயிலில் யாரும் பந்தைத் தொடுவதில்லை. எதிர் கம்பெனியிலும் லீவு இல்லை. அவர்கள் ஆட்கள் ஆளுக்கொரு மூடிமேல் நின்றபடி என்னையே பார்க்கிறார்கள். போன ஞாயிறு பத்மநாபன் சார் என் நாற்காலி பக்கத்தில் வந்து குந்தினார். புதுமனை புகுவிழா அவர் இல்லாமலே நடந்துவிட்டது.

"அக்கா, கால்ல விழறேன். பதினெட்டு அவுட் எழுதிடுங்க. தோத்ததா வந்தாலும் லீவு விண்ணப்பமெல்லாம் அன்னைக்கே முறைப்படி பரிசீலிச்சுடறேன். எல்லாரும் ஊருக்குப் போயிடலாம்."

"எழுதுறேன் சார். எழுதுன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க."

"அந்த வார்த்தையை நான் எப்படிங்க எழுதறது? நானே போட்ட சுற்றறிக்கை. வாய்மொழியாச் சொல்றேனே."

"வாய்மொழி செல்லாதுன்னும் அதுலதான் சார் இருக்கு."

அவர் பென்சிலைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் எழுதியிருந்தால் அவருக்கு ஒரு வார்னிங்தான். நான் எழுதியிருந்தால் வார்னிங் வந்து சேருமுன் விமானம் ஏறியிருக்கலாமோ என்னவோ. வேலிக்கு வெளியே காதர் மைதீன், "யல்லா அக்கா, சீக்கிரம் எழுதுங்க!" என்று கத்தினார். சுஜந்தன் கண்ணை மூடிக்கொண்டார். பேத்திக்கு அன்றைக்கு முப்பத்தேழாம் நாள். மைதானம் முழுக்க இத்தனை ஆம்பிளைகள் ஒரு டீக்காரியின் கையை இப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

தாளில் எல்லாப் பெயருக்கு நேரேயும் எழுதியாகிவிட்டது, கடைசி வரி மட்டும் காலியாக இருந்தது. அதில் சிவகொழுந்து என்று என் பெயரை எழுதி, அதற்கு நேரே சேஃப் என்று போட்டு, கையெழுத்து வைத்தேன்.