பட்டியலில் இல்லாத ஏழு முட்டைகள்

ஒரு காட்டில் ஓர் ஓடை ஓடியது. ஓடை என்றால் ஓடத்தான் செய்யும். அதில் யாருக்கும் எந்த வருத்தமும் இருக்கவில்லை. பிறகு ஒருநாள் அதற்கு எல்லை என்று பெயர் வைத்தார்கள். வடகரைக்கு ஒரு சிங்கம், தென்கரைக்கு ஒரு சிங்கம், ஆளுக்கொரு கொடி, ஆளுக்கொரு கீதம். தண்ணீர் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே ருசியாக இருந்து தொலைத்தது.

இரண்டு அரசாங்கமும் கதண்டு வளர்த்தன. கதண்டு தெரியுமல்லவா? குளவிக்குப் பெரியப்பா. ஒன்று கொட்டினால் மாடு படுத்துவிடும். ஒரு கூடு கலைந்தால் ஊரே படுத்துவிடும். வடகரை, தென்கரை என்று பார்த்துக் கொட்டுகிற பழக்கமும் அதற்குக் கிடையாது. பல வருடத்துக்கு முன்னால் காற்றில் ஒரு கிளை ஒடிந்து ஒரு கூடு விழுந்தது. இரண்டு கரைச் சரிவிலும் ஒரு மான்கூட மிஞ்சவில்லை. "சோதனை வெற்றி" என்று தென்கரை அறிவித்தது. "எங்கள் சோதனையும் வெற்றி" என்று வடகரை அறிவித்தது. காற்றுக்கு யாரும் ஒரு நன்றி சொல்லவில்லை.

அதிலிருந்து ஒரு கொள்கை வந்தது. நீ கலைத்தால் நானும் கலைப்பேன்; ஆகவே இருவரும் கலைக்க மாட்டோம்; கலைக்காமல் இருப்பதற்கு இன்னும் நிறையக் கூடு வேண்டும். இது என்ன கணக்கு என்று கேட்டவர்களை, "உங்களுக்கு இதெல்லாம் புரியாது, போய் வேலையைப் பாருங்கள்" என்று அனுப்பினார்கள். அவர்களும் போய் வேலையைப் பார்த்தார்கள். யாராவது பார்க்க வேண்டுமே.

வருடா வருடம் சித்திரை முதல் நாள் இரண்டு கரையும் ஒரு பட்டியல் மாற்றிக்கொள்ளும். எங்கெங்கே கதண்டுக்கூடு இருக்கிறது என்ற பட்டியல். அந்த இடங்களில் கல் எறியக் கூடாது. எறிந்தால் கூடு கலைந்து எறிந்தவனையும் சேர்த்துக் கொட்டும் அல்லவா? மற்ற இடங்களில் தாராளமாக எறியலாம். பேச்சுவார்த்தை நின்றுபோன வருடத்தில்கூட, இவன் தூதரை அவன் துரத்திய வருடத்தில்கூட, இந்தப் பட்டியல் மட்டும் நாள் தவறாமல் போய் வந்தது.

தென்கரையில் ஓர் உண்ணிச்செடிப் புதருக்கடியில் சௌந்தரம் என்ற காட்டுக்கோழி ஏழு முட்டை இட்டு அடைகாக்க உட்கார்ந்தாள். இருபத்தோரு நாள் ஆகும். அன்றுதான் சித்திரை ஒன்று. அன்றைக்கென்று பார்த்து வடகரைப் பலாமரத்திலிருந்து ஒரு பழம் விழுந்து, உருண்டு, ஓடையில் மிதந்து, தென்கரையில் வந்து நின்றது.

மரம் எங்களுடையது என்றது வடகரை. பழம் நிற்கும் மண் எங்களுடையது என்றது தென்கரை. சாயங்காலத்துக்குள் இரண்டு கரையிலும் குரங்குப்படை கல் பொறுக்க ஆரம்பித்துவிட்டது.

சௌந்தரத்தின் கணவன் சேவல் ஜெயவீரன் மார்பை நிமிர்த்திக்கொண்டு புதரை நாலு சுற்றுச் சுற்றினான். "இந்தத் தடவை ஒரு சுளைகூட விட்டுத் தரக்கூடாது."

"உங்களுக்குப் பலாப்பழ வாசனையே ஆகாதே?"

"இது பழம் இல்லடி, மானம்."

"சரி, மானத்தைக் கொஞ்சம் ஓரமா வச்சுட்டு அரைமணி நேரம் இந்த முட்டை மேல உக்காருங்க. நான் போய் அந்தப் பட்டியலைப் பாத்துட்டு வந்துடறேன்."

"நான் உக்காந்துட்டா எல்லையை யாரு பாக்கறது?"

"எல்லை எங்கயும் போயிடாது. முட்டை ஆறிப்போயிடும்."

ஜெயவீரன் எல்லையைப் பார்க்கப் போய்விட்டான். சௌந்தரம் காய்ந்த இலையை முட்டைகளின் மேல் இழுத்துப் போட்டு மூடிவிட்டு ஓடினாள்.

பட்டியலை ஆலமரத்தில் ஒட்டியிருந்தார்கள். பன்னிரண்டு இடங்கள். ஒவ்வொரு வரியாக அலகால் தொட்டுப் படித்தாள். உண்ணிச்செடிப் புதர் இல்லை. கடைசியில் பொடி எழுத்தில், 'ஏனைய இடங்கள் தாக்குதலுக்கு உரியவை' என்று போட்டிருந்தது. ஏனைய. பதினைந்து நாளாகக் குச்சி குச்சியாய்ப் பொறுக்கி அவள் கட்டிய வீட்டுக்கு அரசாங்கம் வைத்திருந்த பெயர் அது.

மறுநாள் பாதுகாப்பு அலுவலகத்தில் வரிசையில் நின்றாள். வரிசை நகரவில்லை, முட்டைச் சூடு மட்டும் அங்கே இறங்கிக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். ஒருவழியாக ஜன்னல் வந்தது. உள்ளே உடும்பு அரியநாயகம். பதினோரு வருடமாக அதே நாற்காலி. உடும்பாயிற்றே, பிடித்ததை விடுமா?

"என்னம்மா?"

"என் வீட்டைப் பட்டியல்ல சேக்கணும் சார்."

"வீட்டுல என்ன இருக்கு?"

"ஏழு முட்டை."

"கொட்டுமா?"

"எது சார்?"

"முட்டைதான். கொட்டுமா, கடிக்குமா, விஷம் கிஷம் உண்டா?"

"குஞ்சு வரும் சார். கீச்சு கீச்சுனு கத்தும். வேற ஒண்ணும் தெரியாது அதுங்களுக்கு."

அரியநாயகம் பேனாவை மூடினார். "அப்போ சேராதும்மா. ஆபத்தான இடத்துக்குத்தான் பாதுகாப்பு."

"ஆபத்தில்லாத இடத்துக்கு?"

"அங்கதானே கல்லு விழணும். எல்லாரையும் பட்டியல்ல போட்டுட்டா அவன் எங்கதான் எறிவான்? அவனும் வேலை வெட்டியை விட்டுட்டு சண்டைக்குனு வந்திருக்கான். ஒரு நியாயம் வேணாமா?"

பின்னால் நின்ற முயல், "சீக்கிரம் அக்கா, பசங்களைப் பூட்டிட்டு வந்திருக்கேன்" என்றது. சௌந்தரம் நகரவில்லை.

"சார், என் வீட்டுலயும் ஒரு கதண்டுக்கூடு இருந்தா?"

"இருக்கா?"

"இருந்தான்னு கேக்கறேன்."

"இருந்தா வந்து பாப்போம். உறுதியானா துணைப்பட்டியல்ல ஏத்தி ஓடைக்கு அந்தப் பக்கம் அனுப்பிருவோம். அப்புறம் உங்க வீட்டு மேல ஒரு கூழாங்கல் விழாது. ஒப்பந்தம்மா, விளையாட்டா?"

"கூடு எவ்வளவு பெருசு இருக்கணும்?"

அரியநாயகம் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "அளவு பத்தி எதுவும் போடலையே."

புதுக்கூடு கட்ட ராணிக் கதண்டுகள் இடம் தேடி அலைகிற பருவம் அது. மூன்றாம் நாள் ஒரு ராணி புதர்ப்பக்கம் வந்தபோது சௌந்தரம் கூப்பிட்டாள். "இங்க கட்டிக்கோங்களேன். நிழல் இருக்கு, காத்து அடிக்காது."

கதண்டுக்கு நம்பிக்கை வரவில்லை. "எங்களை யாரும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லையே. சர்க்கார்தான் ஆள் வச்சுப் பிடிச்சுட்டுப் போகும்." கீழே எட்டிப் பார்த்தது. "குழந்தைங்க வரப்போற வீடா? எனக்குச் சத்தம் ஆகாது. கிளை ஆடினாலும் ஆகாது. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"நான் பாத்துக்கறேன்" என்றாள் சௌந்தரம். வேறென்ன சொல்வாள்?

நாலே நாளில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கூடு வந்தது. அரியநாயகம் ஆய்வுக்கு வந்து, ஐம்பது அடி தள்ளி நின்று, எட்டிப் பார்த்து, 'மிக அபாயகரமான இடம்' என்று சான்று எழுதினார். எழுதும்போது அவர் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. ஏழு முட்டைக்குக் கிடைக்காத மரியாதை.

தண்ணீர் குடிக்கப் போனபோது எதிர்க்கரையில் கௌதாரி பிலோமினா நின்றுகொண்டிருந்தாள். அவளும் அடைகாக்கிறவள்தான். எதிரி நாடு என்பதால் இருவரும் தலையைத் தூக்காமல், தண்ணீரைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள்.

"உங்க புதர் பேரு எங்க ஆபீஸ்ல வாசிச்சாங்க அக்கா. அங்க எறியவே கூடாதாமே?"

"ஆமா. நீயும் ஒரு கூடு வச்சுக்கோ பிலோமினா. பெருசால்லாம் வேண்டாம்."

"முட்டை பக்கத்துலயா? பயமா இல்லையா அக்கா?"

"பயமாத்தான் இருக்கு. கல்லை நினைச்சா இதைவிட பயமா இருக்கு."

அவ்வளவுதான். அன்று சாயங்காலம் பிலோமினா வைத்தாள். மறுநாள் முயல் வளைக்கு மேல் வைத்தது. அணில், கீரி, எலி, எதுவும் பாக்கியில்லை. தென்கரையில் கூடுகள் நூறானதும் வடகரை அரசு அலறிக்கொண்டு வீட்டுக்கு ஒரு கூடு கட்டாயம் என்றது. வடகரையில் இருநூறானதும் தென்கரை வீட்டுக்கு இரண்டு என்றது. ஜெயவீரன் தெருத்தெருவாகப் போய், "நாம இப்ப வல்லரசு" என்று கூவினான். வீட்டுக்கு வந்தால் மட்டும் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கூட்டைப் பார்த்தபடி பக்கவாட்டில் நுழைந்தான்.

இருபத்தோராம் நாள் காலை. முதல் முட்டையில் மெல்லிய கீறல் விட்டிருந்தது. அதே நேரம் தென்கரையில், கல் பொறுக்கி முடித்த குரங்குப்படையின் தளபதி கையைத் தூக்கி, "எறிய இடம் சொல்லுங்கடா" என்றார். சிப்பாய்க் குரங்குகள் வடகரைப் பட்டியலைப் பிரித்தன. அது பிரியப் பிரிய நீண்டு தண்ணீருக்குள் போனது. முன்னூற்று நாற்பது இடம். வளை, பொந்து, புதர், பாறை இடுக்கு எல்லாம் அதில் இருந்தது. பட்டியலில் இல்லாமல் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது.

தளபதி தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோதே வடகரையிலிருந்து கடிதம் வந்தது. 'பெருமதிப்புக்குரிய ஐயா, தங்கள் பட்டியலின்படி கதண்டுக்கூடு இல்லாத ஒரே இடம் தங்கள் அரசர் உறங்கும் குகை. ஒப்பந்தத்தை மீற விரும்பாததால் அங்கேயே எறிய உத்தேசித்துள்ளோம். பதினொரு மணி வசதிப்படுமா?'

தளபதியும் அதே கடிதத்தைத்தான் எழுத இருந்தார். இரண்டு சிங்கத்துக்கும் கதண்டுச் சத்தத்தில் தூக்கம் வராது; அதனால் குகைப்பக்கம் ஒரு கூடும் வரக்கூடாது என்பது இரண்டு கரையிலும் பழைய உத்தரவு.

இருபது வருடமாக வராத சமாதானம் பத்தே முக்காலுக்கு வந்துவிட்டது. சிங்கங்கள் ஓடை நடுவில் நின்று கட்டிப்பிடித்துக்கொண்டன. பலாப்பழம் அழுகி ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அதை இருவரும் பார்க்காத மாதிரி தாண்டி நடந்தார்கள். நம் கூடுகள்தான் நம்மைக் காத்தன என்று இரண்டு கரையிலும் ஒரே அறிக்கை, பெயரை மட்டும் மாற்றி.

புதருக்கடியில் ஏழு முட்டையும் பொரிந்தன. ஏழும் உயிரோடு. முதல் குஞ்சு ஈரம் காயாமல் தலையைத் தூக்கி, "கீச்" என்றது.

மேலே கூட்டிலிருந்து ஒரு ரீங்காரம் கிளம்பியது. அதற்குள் எலுமிச்சம்பழம் பூசணிக்காய் ஆகியிருந்தது. சௌந்தரம் இறக்கையை விரித்து ஏழையும் ஒரே அமுக்காக அமுக்கினாள். அந்த நேரம் பார்த்து ஜெயவீரன் வெற்றிச் செய்தியைக் கூவ வாயைத் திறந்தபடி வந்தான். அவன் கழுத்தை அலகால் கவ்விப் பிடித்தாள். சத்தம் வெளியே வராமல் உள்ளேயே திரும்பிப் போனது.

"சமாதானம் வந்துடுச்சுடி" என்றான் கிசுகிசுப்பாக.

"தெரியும். மெதுவாப் பேசுங்க."

அன்றிலிருந்து அந்தக் காட்டில் சேவல் கூவவில்லை. எல்லாரும் உத்தேசமாக எழுந்தார்கள். முயல் குதிப்பதை விட்டுவிட்டு நடந்தது. சௌந்தரம் குஞ்சுகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது இரை பொறுக்க அல்ல, வாயை மூட. ஆறு கற்றுக்கொண்டன. ஏழாவதுக்கு விக்கல் வந்தால் குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்க்கும்.

வைகாசியில் ஓடை வற்றி நடுவில் ஒரு மணல்திட்டு தலைகாட்டியது. மரமில்லை, புதரில்லை, கூடில்லை. சௌந்தரம் ஏழையும் ஓட்டிக்கொண்டு போனாள். அந்தப் பக்கத்திலிருந்து பிலோமினா ஒன்பதோடு வந்தாள். பதினாறும் ஒரு நிமிஷம் திகைத்து நின்றன. பிறகு கத்தின பாருங்கள், பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்த அத்தனையும். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மணலில் புரண்டு, எது கோழி எது கௌதாரி என்று தெரியாமல் கத்தின. இரண்டு தாய்களும் முதல்தடவையாக நிமிர்ந்து ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"நல்ல இடம் இல்ல அக்கா?"

"ம்."

"இது பட்டியல்ல இருக்கா?"

பிலோமினா இரண்டு கரையையும் பார்த்தாள். வடக்கே நாலு குரங்கு உட்கார்ந்திருந்தது. தெற்கே நாலு குரங்கு. சும்மாதான் உட்கார்ந்திருந்தன. கல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"சின்னதா ஒண்ணு வச்சுக்கலாமா அக்கா? எலுமிச்சம்பழ அளவுக்கு?"

ஏழாவது குஞ்சு மணலில் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. சௌந்தரம் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து இறக்கையிலிருந்த மணலை உதறினாள்.

"இதுங்களைப் பாத்துக்கோ பிலோமினா. ஆபீஸ் மூடறதுக்குள்ள போய்ட்டு வந்துடறேன்."

நீதி: உன் வீடு பத்திரமாக இருக்க வேண்டுமென்றால், முதலில் அதை யாரும் குடியிருக்க முடியாத இடமாக்கு.