பிளாக்பெரிக்குக் கவ்வாத்து வெட்டிய கதை

தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்ல எனக்கு நாற்பது வயது வரை தெரியாது. இப்போது தெரியும், பிள்ளைகளே. ஒரு முட்செடிதான் சொல்லிக் கொடுத்தது.

நாவலப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் மேலே ஏறினால் எங்கள் வீடு. காலையில் பல் தந்தியடிக்கும். இந்தக் குளிருக்கு நன்றாக வரும் என்று, நுவரெலியாவில் இருக்கும் என் மச்சான் (மனைவியின் அண்ணன்) ஒரு பிளாக்பெரிக் கன்றைக் கொண்டுவந்து நட்டார். முதல் வருஷம் பூவும் இல்லை, பழமும் இல்லை. ஆளுயரத்துக்கு முள்தண்டுகள் மட்டும் வளர்ந்தன. ஆனாலும் என் மகள் கவிதா, அடுத்த வருஷம் ஆளுக்கொரு பழம் என்று வகுப்பில் முப்பத்திரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

பிள்ளையின் வாக்கைத் தகப்பன் காப்பாற்ற வேண்டாமா? என் அப்பா தோட்டத்தில் கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். ஒரு ஞாயிறு காலை அவருடைய கத்தியைத் தீட்டி எடுத்தேன். (நான் அதைப் பிடித்தது அதுவரை இரண்டு தரம். இரண்டும் பலாக்காய் வெட்ட.)

"என்னங்க, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டுங்களேன்" என்றாள் மனைவி.

"கவ்வாத்து எங்க ரத்தத்துலயே இருக்கு" என்றேன்.

இருந்தது உண்மைதான். அரை மணி நேரத்தில் அந்த ரத்தம் கை, கால், கன்னம் என்று எல்லா இடத்திலும் வெளியே தெரிந்தது. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைச் செடியே வைத்துக்கொண்டது. (உள்ளே காற்சட்டை போட்டிருந்தேன். நம்புங்கள்.) ஆனால் ஒரு தண்டைக்கூட விட்டுவைக்கவில்லை. தேயிலை மாதிரியே மட்டமாக வெட்டி முடித்தேன்.

அடுத்த வாரம் மச்சான் வந்தார், குருவிகள் பழத்தைக் கொத்தாமல் மூடி வைக்க ஒரு வலையோடு. வேலியோரம் போய் வலையை விரிக்க இடம் தேடினார்.

"போன வருஷம் வளந்த தண்டுலதான் மச்சான் இந்த வருஷம் பழம் வரும். அது எங்க?"

நான் விறகு அடுக்கைக் காட்டினேன்.

கவிதா அழவில்லை. விறகிலிருந்து ஒரு தண்டை உருவிக் கொண்டுவந்தாள்.

"அப்பா, தேயிலைல நாம இலையத்தானே பறிக்கிறோம்?"

மறுநாள் அவளுடைய வகுப்புக்கு நானே போனேன். காயாத கீறல்களோடு முப்பத்திரண்டு பேருக்கு முன்னால் நின்று, குற்றவாளி நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். சாரம் போன கதை வரை சொன்னேன். டீச்சர் சிரிப்பை மறைக்கக் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டார்.

கத்தி அலுமாரிக்கு மேலே போனது. புதுத் தண்டுகள் வளர்ந்து, மறு வருஷம் பூத்துக் காய்த்தன; காய்கள் கறுத்துப் பழுத்தன. வகுப்புக்கும் டீச்சருக்கும் கொடுத்து மிஞ்சிய ஒரே பழத்தைக் கவிதா என் வாயில் போட்டாள். நல்ல புளிப்பு. நான் ரசித்துச் சாப்பிட்டேன்.

இன்றும் நான் நகவெட்டியை எடுத்தால்கூட, "அது போன வருஷத்துதா, இந்த வருஷத்துதாப்பா?" என்று கேட்கிறாள். சலூனுக்குக் கிளம்பினால் மனைவியும் சேர்ந்துகொள்கிறாள்.

"பாத்து வெட்டச் சொல்லுங்க. உங்க தலையில இருக்கிறது எல்லாமே போன வருஷத்துது. புதுசா வராது."