அரக்குப் புடவைக்கு ஒரு டிவி

டிவி வாங்குவது. ஆனால் அதை வீட்டுக்குள் விடுவதில்லை. எண்பத்தெட்டாம் வருஷம் கார்த்திகையில் நான் எடுத்த தீர்மானம் இது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக பி.எஸ்ஸி. படித்தவன் எடுத்த தீர்மானம். காரணங்கள் இல்லாமல் இருக்குமா?

பொம்மிடி ரயில் நிலையத்துக்கு எதிரே எனக்கு ஒரு ஸ்டுடியோ. பலகைத் தடுப்பு போட்ட ஒற்றை அறை. அதன் கதவில் நான் நுழைவதே பக்கவாட்டில்தான். அந்த வருஷம்தான் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களுக்கு வீடியோ கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

தை மாதம் ஊர்ப் பண்ணையார் பெரியண்ணன் வீட்டுச் சின்னப் பெண்ணுக்குக் கல்யாணம். ரயிலில் போனால் அரை மணி நேரம் அவர் நிலமாகவே ஓடும் என்பார்கள். பெரிய பெண் கல்யாணத்தில் வேறு யாரோ வீடியோ எடுத்து, அரக்கு நிறக் கூறைப்புடவை கேசட்டில் தக்காளி நிறமாக வந்துவிட்டது. எடுத்துக் கொடுத்த புடவையை மாற்றிவிட்டீர்களா என்று மாப்பிள்ளை வீட்டார் இன்னும் கேட்கிறார்களாம்.

அதனால் பெரியண்ணன் எனக்கு ஒரு நிபந்தனை வைத்தார். முதலில் நிச்சயதார்த்தத்தை எடுத்துக் காட்ட வேண்டும். அவர் மனைவி பாஞ்சாலியக்கா பார்ப்பார். நிறம் சரியாக இருந்தால் கல்யாணமும் எனக்கு. இல்லாவிட்டால் ஆயுசு முழுக்க பாஸ்போர்ட் படம். அவருடைய பங்காளிகள் இருபது வீடு. அத்தனை வீட்டிலும் பெண்கள்.

கேமராவும் கேசட் ஓட்டும் டெக்கும் வாடகைக்குக் கிடைத்தன. எடுத்த நிறம் மெய்யா பொய்யா என்று பார்க்க நம்பிக்கையான ஒரு திரைதான் வேண்டும். கையில் இருந்த பணத்துக்குப் பதினாலு அங்குல கலர் டிவி வரும். அதை ஸ்டுடியோவில் வைத்துவிட வேண்டும். வீட்டில் வைத்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே வந்து உட்காரும்.

மனைவி புஷ்பமேரியிடம் பக்குவமாகச் சொன்னேன்.

"அது டிவி இல்ல மேரி. மானிட்டர்."

"அப்படின்னா?"

"தொழில் சாமான். நெறம் பாக்கறதுக்கு மட்டுந்தான்."

"அதுல படம் தெரியாதுங்களா?"

"தெரியும். ஆனா பாக்கக் கூடாது."

"செரிங்க" என்றாள். எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. நான் அன்றைக்கே பயந்திருக்க வேண்டும்.

கடைக்காரர் பேச்சை நம்பி வாங்க நான் தயாராக இல்லை. படித்தவன், சோதனை செய்துதான் வாங்குவேன். புஷ்பமேரியின் கல்யாணப் புடவையும் அரக்குதான். அதைக் கொடியில் போட்டு ஐந்து நிமிஷம் வீடியோ எடுத்தேன். கேசட்டையும் புடவையையும் எடுத்துக்கொண்டு தர்மபுரிக்குப் பஸ் ஏறினேன். கேசட்டைத் திரையில் ஓடவிட்டு, பக்கத்தில் புடவையைப் பிடித்து ஒப்பிட வேண்டும். அரக்கு, மெரூன், மிளகாய்ச் சிவப்பு மூன்றும் எனக்கு ஒன்றுதான் என்பதால் புஷ்பமேரியையும் கூட்டிப் போனேன். திட்டத்தில் நான் செய்த ஒரே தப்பு அது.

கடையில் பதினாலு அங்குலத்தையும் இருபது அங்குலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட்டார்கள். இரண்டும் எனக்கு ஒரே மாதிரி தெரிந்தன. குழல்விளக்கு வெளிச்சத்தில் புடவையின் நிறமே மாறியிருக்குமோ என்று ஒரு சந்தேகம். புடவையை எடுத்துக்கொண்டு நடுத்தெருவுக்குப் போய் வெயிலில் விரித்து, ஒரு நிமிஷம் கண் கொட்டாமல் பார்த்தேன். சைக்கிளில் போன ஒருவர், என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போனார்.

திரும்பி வந்து பார்த்தால், சின்னத் திரையில் அப்பட்டமான தக்காளி. பெரிய திரையில் அசல் அரக்கு. வெயிலில் பார்த்ததால்தான் கண் திறந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"சின்னது வேணாங்க" என்றாள் புஷ்பமேரி வருத்தத்தோடு. "பாஞ்சாலியக்கா இதப் பாத்தா அவ்ளோதான்."

கடைக்காரர் மாயவன், மேலே சுற்றிய மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோ விளக்கு வாங்க ஒதுக்கியிருந்த பணத்தையும் சேர்த்து எடுத்துக் கொடுத்தேன்.

இருபது அங்குலம் ஸ்டுடியோக் கதவில் நேராகவும் நுழையவில்லை, பக்கவாட்டிலும் நுழையவில்லை. வீட்டுக்குத்தான் கொண்டுபோனோம். அங்கே மாதா படம் ஏற்கெனவே ஒரு முழம் தள்ளி மாட்டப்பட்டிருந்தது.

நிச்சயதார்த்தத்தை எடுத்தேன். போட்டுப் பார்த்தேன். நிறம் சரியாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாஞ்சாலியக்கா வருவதாகச் சொல்லி அனுப்பினார். அன்று ஸ்டுடியோவிலிருந்து வந்தால், கூரைமேல் ஆண்டெனா நிற்கிறது.

"மானிட்டருக்கு எதுக்கு மேரி ஆண்டெனா?"

"காலையில டிவி கடை ஆளு காசு வாங்காம வந்தாருங்க. கட்டிட்டு, டிவில எல்லாத்தயும் திருப்பிப் பாத்துட்டுப் போனாரு."

சண்டை போட நேரமில்லை. பாஞ்சாலியக்கா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையில் மஞ்சள் பை. அதில் நிச்சயதார்த்தப் புடவை, அதுவும் அரக்கு. நேராகத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். கேசட்டைப் போட்டேன்.

தக்காளி.

பெண் தக்காளி. அவள் தோழிகள் தக்காளி. தாம்பாளத்தில் இருந்த வாழைப்பழங்கூடப் பழுத்த தக்காளி. பாஞ்சாலியக்கா பையிலிருந்து புடவையை எடுத்தார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி புடவையைப் பைக்குள் வைக்க ஆரம்பித்தார். நேற்று நன்றாக இருந்ததே என்று கேசட்டை வெளியே எடுத்து ஊதிவிட்டு மறுபடி போட்டேன், அதே தக்காளி.

"ஒரு நிமிசங்க்கா" என்றாள் புஷ்பமேரி.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். திரைக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு மூடி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அதைத் திறந்தாள். உள்ளே குன்றிமணி போல நாலு திருகுகள். மூன்றாவதை ஒரு நூலளவு திருப்பினாள். தக்காளி கறுத்தது. இன்னொரு நூல். அரக்கு.

பாஞ்சாலியக்கா புடவையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"முகூர்த்தம் அஞ்சு மணிக்கு. முந்தின நாளே வந்துரு தம்பி" என்றார்.

அவரைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடிவந்தேன். கேசட்டை நிறுத்திவிட்டு புஷ்பமேரி சினிமாப் பாட்டு பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் எங்கள் தெரு உட்கார்ந்திருந்தது. குனிந்து அவள் காதில், அந்தத் திருகு உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"நீங்க பொடவைய வெயில்ல பாக்கப் போனப்ப, அந்தச் சின்ன டிவில திருகிக் கத்துக்கிட்டதுதாங்க."