அடம் பிடித்ததற்கு அத்தாட்சி

‘கர்ரக் மொர்ரக் பம்பூ’ என்ற சத்தம் கூடத்திலிருந்து வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே, “அப்பா, பம்பூ வேணும்” என்ற சத்தமும் வந்தது. இரண்டுக்கும் நடுவில் மூச்சு விட இடமில்லை.

மராட்டிய மண்ணில், தேஹு ரோடு ராணுவ டிப்போவில் இருபது வருஷமாகக் குமாஸ்தாவாக இருக்கும் ரவிசந்திரனுக்கு, எழுதிக் கொடுத்துத் தீராத குறை உலகத்தில் கிடையாது. ஏழு வயது மகள் வைஷு சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கார்ட்டூனுக்கு நடுவில் வரும் அந்த உப்பு மொறுமொறு பாக்கெட்டைத்தான் கேட்கிறாள். டிவியை அணைத்தால் போதுமே என்றாள் மனைவி கிரிஜா.

“அது நம்ம வீட்டுக்கு. நாட்டுக்கு?”

விளம்பரத்தை நிறுத்தக் கோரி, சிறார் விளம்பரக் குறைதீர் பிரிவுக்கு மூன்று பிரதிகளில் மனு போனது. பதில் மின்னல் வேகத்தில், ஐந்தே வாரத்தில் வந்தது.

‘மேற்படி விளம்பரத்தால் மேற்படி குழந்தை பாதிக்கப்பட்டதற்கு அத்தாட்சி தேவை. ஆகவே முப்பது நாள், தினம் இருபது முறை, விளம்பரத்தைக் குழந்தைக்குக் காட்டி, அது பிடிக்கும் அடத்தை இணைப்புப் படிவத்தில் பதியவும். முப்பத்தோராம் நாள் ஆய்வாளர் நேரில் வந்து பாதிப்பைப் பார்வையிடுவார்.’

ரவிசந்திரன் லீவு போட்டார். முதல் வாரம் பாதிப்பு பிரமாதம். வைஷு தரையில் உருண்டாள். ‘உருளல், நான்கு நிமிடம்’ என்று பதிந்தார். இரண்டாம் வாரம் வெறும் சிணுங்கல். கடைசி வாரம் விளம்பரம் வந்ததுமே எழுந்துபோய்ப் பருப்புசாதம் கேட்டாள்.

“சாப்பிடறா. இதோட விட்டுடுங்க,” என்றாள் கிரிஜா.

“இவ சாப்பிட்டா மனு என்ன ஆகிறது?” என்றவர் மகளிடம் குனிந்தார். “கண்ணு, நாளைக்கு ஒரு மாமா வருவாரு. பம்பூ வேணும்னு கொஞ்சம் அழணும்.”

“நக்கோப்பா, வேண்டாம். போர்.”

ருசி மறந்திருக்கும் என்று தோன்றியது. கடைக்குப் போய்ப் பன்னிரண்டு பாக்கெட்டைச் சரமாக வாங்கி வந்தார். மூன்றாவது பாக்கெட்டில் வைஷுவுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

மறுநாள் ஆய்வாளர் அனந்தராமன் செருப்பைக் கழற்றும்போதே அழுகை ஆரம்பித்தது. அவர் திருப்தியோடு பேனாவைத் திறந்தார்.

“பாப்பா, விளம்பரம் பார்த்தியா?”

“அதெல்லாம் பாக்கறதில்ல.”

“அப்புறம் பம்பூ ஏது?”

“அப்பா.”

“சார், பாதிப்பை நிரூபிக்கத்தான் வாங்கினேன்,” என்றார் ரவிசந்திரன்.

“அதையும் எழுதிக்கறேன்.”

ரவிசந்திரன் துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு காலை, பக்கத்து வீட்டுக்குத் தவறிப் போயிருந்த உத்தரவு கைக்கு வந்தது.

‘விளம்பரத்தைத் தொடர்ந்து பார்த்ததால் குழந்தையின் ஆசை தணிந்ததை மனுதாரரின் படிவமே காட்டுகிறது. அதை மறுபடி கிளப்பியவர் மனுதாரர். எனவே குழந்தைகள் நலன் கருதி, விளம்பரத்தை மணிக்கு இருபது முறையாக உயர்த்தப் பரிந்துரைக்கப்படுகிறது. கடைக்குச் சென்று வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் கண்டிக்கப்படுகிறார்கள்.’

கிரிஜா இரண்டு தடவை படித்தாள். “கடைசி வரி மட்டும் சரியாத்தான் எழுதியிருக்காங்க.”

ரவிசந்திரன் வைஷுவின் யூனிஃபார்மை எடுத்து உதறி, விட்ட இடத்திலிருந்து மடிக்கத் தொடங்கினார்.