சிரித்தது நான்தான், காரணம் வேறு

மதிப்பும் பிரியமும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. உங்கள் பற்களும் உங்களிடம் வருகிறவர்களின் பற்களும் நல்லபடியாக இருக்கின்றன என்று நம்புகிறேன். நானும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் வயிற்றில் புதிதாகத் தையல் போட்டுப் படுத்திருக்கும் ஒருவன் அப்படி எழுதினால் அது பொய்யாகிவிடும் என்பதால், தையல் உள்ள இடம் நீங்கலாக மற்ற எல்லா இடத்திலும் நலம் என்று தெரிந்துகொள்ளவும். உங்கள் அத்தை முழுசாக நலம்.

இரண்டு மாதமாக நாம் பேசிக்கொள்ளவில்லை. இப்போது நானே முந்திக்கொண்டு எழுதுவதற்குக் காரணம், ஆஸ்பத்திரியில் நடந்ததை என் மகள் உங்களுக்குப் போனில் சொன்ன விதம். "அப்பா உங்க சீரியலைப் பாத்துத் தையல் பிரியற அளவுக்குச் சிரிச்சாரு" என்று அவள் சொன்னதும், நீங்கள் அதைச் சிகிச்சைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்வதும் என் காதுக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர் நீங்கள். அவர்கள் மறுத்துப் பேச வழியில்லை. எனக்கு வழி இருக்கிறது. சிரித்தேன், தையல் பிரிந்தது, இரண்டும் உண்மை. ஆனால் சிரித்த காரணம் உங்கள் சீரியல் இல்லை. அதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் சண்டையைப் பற்றி. 'ஆறு பேர் ஒரு சாவி' என்ற உங்கள் சீரியலை நான் பார்க்காமலே திட்டுகிறேன் என்று நீங்கள் சொன்னது தவறு. கொஞ்சம் பார்த்துவிட்டுத்தான் திட்டினேன். ஒரே வீட்டில் ஆறு பேர் ஒளிந்து குடியிருக்கிறார்கள், வீட்டுக்காரருக்கு ஒருவன் இருப்பதாக மட்டும்தான் தெரியும், ஆறு பேரில் ஒருவர்கூட வேலைக்குப் போவதாகத் தெரியவில்லை, ஆனால் எல்லாரும் நன்றாக உடுத்துகிறார்கள். சரி, போகட்டும். ஒவ்வொரு வசனம் முடிந்ததும் திரைக்குப் பின்னால் ஒரு கூட்டம் சிரிக்கிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வேலையில் இருந்த காலம் முழுக்க எடை அளவு இன்ஸ்பெக்டராகக் கடை கடையாக ஏறி இறங்கியவன் நான். சரக்கைத் தட்டில் வைத்துவிட்டுக் கடைக்காரனே விரலால் ஒரு அழுத்து அழுத்துவான் பாருங்கள், அதைத்தான் அந்தச் சீரியல்காரர்கள் செய்கிறார்கள். நகைச்சுவை எவ்வளவு எடை என்று நாம் பார்ப்பதற்குள் அவர்களே சிரித்துத் தட்டைத் தாழ்த்திவிடுகிறார்கள். நான் கொண்டாடும் 'மேல்வீட்டுக்காரர்' அப்படியா? கறுப்பு வெள்ளை. மேலே வீட்டுக்காரர், கீழே குடித்தனக்காரர், நடுவில் ஒழுகும் ஒரு குழாய். பின்னால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். நாமாகச் சிரித்தால் உண்டு.

அன்று சாப்பாட்டு மேசையில் நீங்கள் எழுந்து நின்று, கையில் கரண்டியோடு உங்கள் சீரியலில் வரும் அலமாரிக் காட்சியைச் சொல்லி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, "இதுல எங்க சிரிக்கணும்?" என்று நான் கேட்டது நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான். நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மறுநாள் நீங்கள் இருவரும் ஊருக்குக் கிளம்பியபோது, என்னிடம் சொல்லவேண்டிய "போய்ட்டு வரேன்" என்பதை நீங்கள் செருப்பு அலமாரியிடம் சொன்னீர்கள். உங்கள் அத்தை அதிலிருந்து என்னிடமும் செருப்பு அலமாரியைப் பார்த்தே பேச ஆரம்பித்தாள்.

சரி, வாய்ப்பேச்சு எதற்கு, ஆதாரத்தோடு அனுப்புவோம் என்று 'மேல்வீட்டுக்காரர்' கேசட்டுகளைத் தேடினேன். அவை பரணில் இருந்தன. அவற்றைப் போட்டுப் பார்க்க, கேசட் செருகும் வசதியுள்ள பழைய பெட்டி டிவி வேண்டும், அதுவும் பரணில் இருந்தது. ஆள் வரட்டும் என்று உங்கள் அத்தை சொன்னாள். நான் ஏணியில் ஏறி, டிவியைக் கட்டிப்பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிப் படி என்று நினைத்தது கடைசிக்கு முந்தின படியாக இருந்ததால் தடுமாறினேன். டிவியைக் கீழே போடாமல் காப்பாற்றிவிட்டேன், ஆனால் அடிவயிற்றில் ஏதோ ஒன்று இடம் மாறியது. அந்த நிலையிலும் கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர் மாடிப்படியில் இறங்கி வருகிறார், வாயைத் திறக்கிறார், அதற்குள் ஒரு அம்மாள் ஸ்வெட்டர் பின்னச் சொல்லித்தர ஆரம்பிக்கிறாள். எல்லாக் கேசட்டிலும் அவளேதான். எப்போதோ உங்கள் அத்தை அவற்றின் மேலேயே பதிவு செய்திருக்கிறாள். குடலிறக்கம் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அதைவிட இதுதான் வலித்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு கட்டில் போட்ட அறை. சுவரில் ஒரு டிவி. அறுவை முடிந்ததும் சர்ஜன் வந்து, கனமானதைத் தூக்கக்கூடாது, இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்ள வேண்டும், முக்கியமாக விழுந்து விழுந்து சிரிக்கக்கூடாது என்றார். நான் டிவியைப் பார்த்தேன். ஆறு பேரும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். "அந்தக் கவலையே வேண்டாம் டாக்டர்" என்றேன்.

பக்கத்துக் கட்டில்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருக்கும் என்னைப் போலவே அறுவை, ஆனால் இரண்டு நாள் முந்தி வந்தவர் என்பதால் ரிமோட் அவரிடம். எங்கள் விவாதத்தை அவரிடம் சொல்லி நியாயம் கேட்டேன். அவர் உங்கள் கட்சியும் இல்லை, என் கட்சியும் இல்லை. எந்தச் சீரியலாக இருந்தாலும் அதில் காமெடி என்று தனியாக ஒன்று கிடையாது என்பது அவர் கட்சி. "பாக்காம திரும்பறான் சார். அவ்வளவுதான். என்கிட்ட தினமும் பத்து பேர் பாக்காமதான் திரும்பறாங்க, நான் சிரிக்கறேனா?" என்றார். நிஜமாகவே அவர் சிரிப்பதில்லை. உங்கள் சீரியலை, புதிதாக ஓட்டப் பழகும் ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் போல, இறுகிய முகத்தோடு பார்ப்பார்.

அவர் கால் மட்டும் சும்மா இருக்காது. கற்றுக்கொடுக்கிறவருக்கென்று காரில் தனியாக ஒரு பிரேக் உண்டல்லவா? சீரியலில் யாராவது தப்பு செய்யப்போகிறான் என்றால், அவன் செய்வதற்கு ஒரு நொடி முந்தி இவர் வலது கால் போர்வைக்குள் பிரேக்கை மிதிக்கும். கட்டில் 'கிரீச்' என்னும். அப்புறம்தான் பின்னால் இருக்கிற கூட்டம் சிரிக்கும். நான் கொள்கைக்காகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். ஆனால் காதை எந்தப் பக்கம் திருப்புவது? கிரீச், சிரிப்பு. கிரீச், சிரிப்பு. ஒருநாள் மாலைக்குள் எனக்கும் எப்போது கிரீச் வரும் என்று தெரிய ஆரம்பித்துவிட்டது, அதுதான் ஆபத்து.

மறுநாள் மத்தியானம் அந்த அலமாரிக் காட்சி வந்தது. நீங்கள் கரண்டியோடு சொன்ன அதே காட்சி. வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார், ஒருவனைத் தவிர மற்ற ஐந்து பேரும் ஒவ்வொருவராக ஒரே அலமாரிக்குள் நுழைகிறார்கள் என்பது எனக்குப் பார்க்காமலே புரிந்தது, ஏனென்றால் பக்கத்தில் ஐந்து கிரீச். பிறகு அமைதி. வீட்டுக்காரர் உள்ளே வந்து அலமாரிக்கு எதிரிலேயே சாவகாசமாக உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. கட்டில் தொடர்ந்து முனக ஆரம்பித்தது. ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்ற மனிதாபிமானத்தில்தான், மாப்பிள்ளை, நான் திரும்பினேன். அவர் இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டிருந்தார், கிளட்சும் சேர்த்து. டிவியில் அலமாரிக் கதவு தானாகத் திறந்தது, ஒருவன் சட்டை மாட்டும் கம்பியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் நிற்கிறவன் மாதிரி, வீட்டுக்காரரைப் பார்த்து, "அடுத்த ஸ்டாப்புல எறங்கணும், கொஞ்சம் வழி விடுங்க" என்றான். அந்த நேரம் பார்த்து நம்ம ஆள் கை ஹேண்ட் பிரேக்கைத் தேடியது. கட்டிலின் பக்கத்தில், தலைமாட்டை உயர்த்துகிற பிடி ஒன்று இருக்கிறது. அதைப் பிடித்து ஒரே இழுப்பு. தலைமாடு படாரென்று எழும்ப, மனுஷர் நட்டமாக உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஒரு சுருக்கம் மாறவில்லை. நேராக டிவியைப் பார்த்து, "எறங்குங்க. இன்னிக்கு கிளாஸ் போதும்" என்றார்.

நான் தலையணையைத் தேடினேன். அது கீழே விழுந்திருந்தது.

நர்சம்மா ஓடிவந்து பார்த்தபோது மேல் தையலில் இரண்டு போயிருந்தது. இருமல் என்று சொன்னேன். "இல்ல, சிரிச்சாரு" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து சாட்சி வந்தது. கற்றுக்கொடுப்பவர்கள் பொய் சொல்லமாட்டார்களாம். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு மறுபடி தைக்க வந்த சர்ஜன், எதைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்று கேட்டார். பக்கத்துக் கட்டில்காரரின் காலை என்று தெளிவாகச் சொன்னேன். அப்போது டிவியில் என்ன ஓடியது என்றார். சொன்னேன். "அந்த அலமாரி சீனா?" என்று கேட்ட மனிதருக்கு ஊசி பிடித்த கையே குலுங்க ஆரம்பித்துவிட்டது. சிரிப்பதானால் தைத்து முடித்துவிட்டுச் சிரியுங்கள் என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. அவர் வெளியே போய் நின்று சிரித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து தைத்தார். ஆகவே அந்தச் சர்ஜன் உங்கள் கட்சி. அவர் சொல்வதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது.

சாயங்காலம் என் மகள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் போர்வையைச் சரி செய்தாள். பிறகு சொன்னாள்: "அன்னிக்கு அவரு அந்த சீனை சும்மா சொல்லலப்பா. ஒரு வாரம் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தாரு. கல்யாணம் ஆனதுலேருந்து உங்கப்பா என் எதிர்ல ஒரு தடவைகூட சிரிச்சதில்ல, இதுக்குச் சிரிப்பாருன்னு சொன்னாரு."

மாப்பிள்ளை, எனக்கு இது தெரியாது. ஒரு சீரியலைப் பற்றித்தான் விவாதம் நடக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் முகம் அப்படி, உத்தியோகம் அப்படி. சிரிக்கிற இன்ஸ்பெக்டரைக் கண்டால் கடைக்காரன் தராசைத் துடைக்கக்கூட மாட்டான். நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் எனக்குள்ளே சந்தோஷமாகத்தான் இருக்கும். அது வெளியே தெரிகிறது என்றே எண்ணியிருந்தேன். தெரியவில்லை என்று உங்கள் அத்தையும் இப்போதுதான் சொல்கிறாள், அதுவும் என்னைப் பார்த்தே சொல்கிறாள்.

எனவே ஒரு சமாதானம். அடுத்த வாரம் என்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வாருங்கள். உங்கள் சீரியலை நானும் நேராக உட்கார்ந்து பார்க்கிறேன். ஆனால், நான் சிரித்தது காலைப் பார்த்து, சீரியலைப் பார்த்து அல்ல என்பதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், சிகிச்சைக்கு வந்தவர்களிடமும் திருத்திச் சொல்ல வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

உங்கள் கை நடுங்காமல், உங்கள் நாற்காலி காலியாகாமல், நீங்களும் என் மகளும் நீண்ட நாள் ஒரே பக்கம் பார்த்துச் சிரித்து வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,
உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: இதை நான் சொல்லச் சொல்ல உங்கள் அத்தை எழுதுகிறாள், என்னை எழுந்து உட்காரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் இன்று காலை வீட்டுக்குப் போய்விட்டார். ரிமோட் என் கைக்கு வந்தது. பக்கத்தில் கால் இல்லை, கிரீச் இல்லை, பின்னால் சிரிக்கிறவர்களும் இருக்கக்கூடாது என்று சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டு, சரியான எடை என்ன என்று பார்ப்போம் என்றுதான் போட்டேன். இந்த முறை மூன்று தையல். சர்ஜன் இப்போது வேறு டாக்டரை அனுப்புகிறார், அவரால் முடியாதாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகாதீர்கள், இங்கேயே வந்துவிடுங்கள். சத்தம் இல்லாததால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. அந்த உயரமான பையன் ஏன் எப்போதும் ஜன்னல் வழியாகவே வீட்டுக்குள் வருகிறான்? ஆரம்பத்திலிருந்து நீங்கள்தான் சொல்ல வேண்டும். எழுந்து நின்று சொல்லுங்கள். தலையணையை நான் கையிலேயே வைத்திருக்கிறேன்.