அவதியர் சுட்ட பாண்

குடாநாட்டில் பேக்கரிப் பாணுக்காக வரிசையில் நிற்காதவர்கள் கிடையாது. ஆனால் பாணோடு நேருக்கு நேர் நின்று சண்டை பிடித்தவர் ஒரே ஒருவர்தான். அந்தச் சண்டை எங்கள் வீட்டுக் குசினியில் நடந்தது.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை உச்சரித்து முடிக்கும்வரை நிற்கிற ஆள் அவர் இல்லை. அதனால் குருநகரே அவரை அவதியர் என்றது. அவதி என்றால் எங்கள் பக்கத்தில் அவசரம். தொண்ணூறாம் ஆண்டு கோட்டைப் பக்கம் சண்டை மூண்டு, கரையோரச் சனம் உள்ளே உள்ளே இடம்பெயர்ந்தபோது, அவரும் மனைவி திரேசக்காவும் உடுவிலில் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்தார்கள். மற்றவர்கள் உடுப்பு மூட்டையோடு வந்தார்கள். இவர் சைக்கிள் கரியரில் திரேசக்காவையும், ஹாண்டிலில் மூடியோடு கூடிய ஒரு இரும்புச் சட்டியையும் கொண்டு வந்தார். படலையில் நின்ற என்னிடம் முதலில் கேட்டது, "பிள்ளை, அடுப்பு எந்தப் பக்கம்?"

சரக்குக் கப்பல்களில் சமையற்காரராக உலகம் சுற்றியவர். கரைக்கு வந்த பிறகும் சுற்றுவது நிற்கவில்லை. சோற்றை முற்றத்தில் நடந்துகொண்டே சாப்பிடுவார். கதிரையைக் காட்டினால் அதன் சட்டத்தைத் தட்டிப் பார்த்து "நல்ல பலகை" என்றுவிட்டுப் போய்விடுவார். நான் "அண்ணை, தேத்தண்ணி..." என்று தொடங்கினால் "குடிச்சிட்டன்" என்பார். குடித்திருக்க மாட்டார். பூசையில் குருவானவர் கடைசி ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்கும்போது இவர் வீட்டில் சாரம் மாற்றிக்கொண்டிருப்பார். செத்த வீட்டுக்குப் போனால் "எத்தினை மணிக்கு எடுக்கிறியள்?" என்று கேட்ட பிறகுதான் அழுவார்.

"ஏன் அண்ணை ஓரிடத்திலை இருக்கிறியள் இல்லை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கப்பலிலை தரை ஆடும் பிள்ளை, நாங்கள் நிப்பம். இஞ்சை தரை சும்மா நிக்குது. ஆரோ ஒராள் ஆடத்தானே வேணும்?"

திரேசக்கா இதற்கு நேர்மாறு. ஒரு கட்டு முருங்கையிலை உருவ ஒரு காலைப்பொழுது வேண்டும் அவவுக்கு. அவவுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு. வலது காலில் ஒரு புண் வந்து, ஆறாமல் நின்றது. டொக்டர் பார்த்துவிட்டு, வெள்ளை மாவையும் சோற்றையும் குறைக்கச் சொன்னார். இல்லாவிட்டால் விரல் ஒன்றை எடுக்க வேண்டி வரும் என்றார். சண்டையில் பாதை பூட்டி, மருந்தும் சாப்பாடும் வராமல் கிடந்த காலம் அது. குறைக்கச் சொன்னால் குறைக்கலாம்; அந்த இடத்துக்கு எதைச் சாப்பிடுவது?

அப்போதுதான் அவதியருக்கு அயர்லாந்துக்காரன் ஞாபகம் வந்தான். ஒரு கப்பலில் பெரிய சமையற்காரனாக இருந்தவனாம். தவிட்டோடு அரைத்த கோதுமை மாவில் சோடாவும் புளிச்ச மோரும் விட்டு, சட்டியில் போட்டுச் சுட்டு, கறுத்த பாண் ஒன்று செய்வானாம். ஒரு துண்டு தின்றால் மத்தியானம்வரை பசிக்காதாம்.

"மற்றப் பாண் எல்லாம் சோம்பேறிப் பாண், பிள்ளை. கள்ளை விட்டுக் குழைச்சுப்போட்டு, பொங்கு பொங்கெண்டு காவல் இருக்கவேணும். இது அப்பிடி இல்லை. குழை, போடு, சுடு. அவ்வளவுதான்!"

உலகத்திலேயே அவருக்கென்று பிறந்த பாண் அதுதான் என்று நானும் நம்பினேன்.

கோதுமை கிடைக்கவில்லை. பொறுத்திருந்தாரா? இல்லை. என் கணவரின் அம்மா, மாமியிடம் இருந்த ஒடியல் மாவில், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில், முதல் பாணைச் சுட்டார். வெளியே வந்தது பாண் இல்லை. என் கணவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டாண்ட் உடைந்த தன் சைக்கிளுக்கு முண்டுகொடுத்தார். மழைக்காலம் முழுக்க அது கரையவில்லை. அடுத்தது குரக்கன், அதாவது கேழ்வரகு. அது பாணாகவும் வரவில்லை, களியாகவும் வரவில்லை. திரேசக்கா ஒரு வாய் வைத்துவிட்டு, "இஞ்சருங்கோ, காலைக் காப்பாத்தப் போய்ப் பல்லை எடுத்துப் போடாதையுங்கோ" என்றா.

பிறகு ஒருமுறை கூட்டுறவுச் சங்கக்கடையில் நிவாரணத்துக்கு மாவுக்குப் பதிலாகக் கோதுமை மணியாகவே கொடுத்தார்கள். ஊர் முழுக்க ஒரே திட்டு. "உதை அவிக்கிறதோ, கோழிக்குப் போடுறதோ?" என்று மாமி கேட்டா. மில்லுகளும் மண்ணெண்ணெய் இல்லாமல் படுத்துக் கிடந்தன. அவதியர் மட்டும் கலியாண வீட்டுக்காரர் மாதிரி ஒழுங்கை முழுக்க ஓடினார். தன் பங்கு அரிசியைக் கொடுத்து வீடு வீடாகக் கோதுமை வாங்கினார். திரிகையில் அரைக்க உட்கார வேண்டும். அவரால் முடியாதே. குனிந்து நின்றபடி, வள்ளம் வலிக்கிற வேகத்தில் சுற்றினார். மேல்கல் கழன்று உருண்டு போய் மாமியின் தோசைச் சட்டியை உடைத்தது. அதன் பிறகு நான்தான் அரைத்தேன்.

அடுத்தது சோடா. கடைகளில் அப்பச்சோடா அருமையாகிவிட்டது. அவருக்கு ஒரு யோசனை வந்தது. வயிற்றெரிவுக்கு அரசாங்க டிஸ்பென்சரியில் கொடுக்கிற வெள்ளைத் தூளும் அதே சோடாதானே! ஒவ்வொரு கிழமையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் மருந்து கொடுக்கிற அப்போத்திக்கரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்ன சாப்பிடுறனீர், இப்பிடி எரியிறதுக்கு?"

"பாண், ஐயா."

"அப்ப பாணை நிப்பாட்டும்."

"ஐயோ, பாணுக்குத்தானே ஐயா மருந்து!"

உண்மை வெளியே வந்துவிட்டது. அந்த மனிதர் நல்லவர். கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டுத் தூளையும் கொடுத்து, "எனக்கும் ஒரு துண்டு கொண்டுவாரும்" என்றார். அவதியர் அன்றைக்கே கொண்டுபோனார். அதைத் தின்ற அப்போத்திக்கரி, அந்தத் தூளில் ஒரு கரண்டி தானே கரைத்துக் குடித்தார் என்று கேள்வி.

மா வந்தது. சோடா வந்தது. மோர் மாமியின் ஆட்டுப் பாலில் இருந்து வந்தது. புளிக்கும்வரை பொறுக்காமல் அதற்குள்ளும் தேசிக்காய் பிழிந்தார். இருந்தும் பாண் வரவில்லை. ஏன் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. குழைக்கிறதுக்குத்தான் நேரம் தேவையில்லை. சட்டிக்குள் போட்ட பிறகு முக்கால் மணித்தியாலம் மூடியைத் தொடாமல் இருக்கவேண்டும். மூடிக்கு மேலே சிரட்டைக்கரித் தணல். அவதியரோ, அடுப்பைச் சுற்றி ஒரு நடை, மூடியைத் தூக்கி ஒரு பார்வை. சூடெல்லாம் வெளியே, சாம்பலெல்லாம் உள்ளே. வெளிப்பக்கம் கருகி, நடுவிலே பச்சை மாவாக ஒரு சாமான் வரும்.

அயர்லாந்துக்காரன் சொல்லிக்கொடுத்தபடி பாணின் தலையில் கத்தியால் சிலுவை கீறுவார். மாமி அதை முதலில் ஒரு மாதிரித்தான் பார்த்தா.

"தம்பி, உது என்னத்துக்கு?"

"பாணுக்குள்ளை இருக்கிற பேய் வெளியிலை போறதுக்கு அம்மா."

"எங்கடை குசினியிலை என்ன பேய்? வாறதெல்லாம் உம்மோடை வாறதுதான்."

கீறின சிலுவைக்கு மேலே மூடியிலிருந்து சாம்பல் கொட்டும். "இப்ப சரி, திருநீறும் பூசியாச்சு" என்று மாமி சமாதானமானா. ஒரே பாணில் இரண்டு சமயமும் சண்டையில்லாமல் இருந்தன. பாண் மட்டும் வேகவில்லை.

ஒருநாள் மாமி பொறுமை இழந்து, விளக்குமாற்றோடு அடுப்புக்கு முன்னால் பலகை போட்டு இருந்துவிட்டா. "கிட்ட வாரும் பாப்பம்!" அவதியர் கிணற்றடிக்கும் குசினிக்குமாக நடந்தார். கை துறுதுறுத்தது. கடைசியில் வேலிப்பக்கம் பார்த்துக் கத்தினார்: "அம்மா, உங்கடை ஆடு கட்டை அறுத்துக்கொண்டு ஓடுது!" மாமி எழும்பி ஓடினா. ஆடு மரத்தடியில் படுத்துக் கிடந்தது. திரும்பி வந்தபோது மூடி அவர் கையில். "கொஞ்சம்தான் அம்மா திறந்தனான். சரியா மூச்சு விடுதோ எண்டு பாத்தனான்."

நாங்கள் சிரித்தோம். திரேசக்காவின் கால் சிரிக்கிற மாதிரி இருக்கவில்லை. கட்டுத்துணி நனைந்துகொண்டே வந்தது. விரலின் நிறம் மாறுகிறது என்று டொக்டர் சொன்ன நாளில் அவதியர் இருட்டின பிறகும் நடந்துகொண்டிருந்தார். முற்றத்தில் அவர் நடந்த இடத்தில் புல்லுச் செத்து ஒரு பாதை விழுந்திருந்தது. அன்றுதான் எனக்கு விளங்கியது, மூடியைத் தூக்கித் தூக்கி அவர் பார்த்தது பாணை இல்லை என்று.

அதற்கு அடுத்த நாள் காலையில் மாவைக் குழைத்துச் சட்டிக்குள் போட்டு, தணலையும் மூடிமேல் அள்ளிவைத்த நேரம் குண்டு போடுகிற பொம்மர் விமானம் வந்தது. ஒருதரம் சுற்றிப் போனது, திரும்பவும் சுற்றியது. நாங்கள் எல்லோரும் கோடிப்புறத்தில் பதுங்குவதற்கு வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கினோம். நானும் மாமியும் திரேசக்காவைத் தூக்காத குறையாக இறக்கினோம். அவதியர் படியில் நின்றார்.

"பாண் கருகப்போகுது! ஒரு ஓட்டம் ஓடிப்போய்ப் பாத்திட்டு வாறன்!"

திரேசக்கா அவரின் சாரத் தலைப்பை எட்டிப் பிடித்துக்கொண்டா. "நீங்கள் கருகிப்போனால் பேந்து ஆர் எனக்குப் பாண் சுடுறது? இருங்கோ!"

சாரத்தை விட்டுவிட்டு ஓடுவதா, சாரத்தோடு இருப்பதா என்று ஒரு கணம் யோசித்தார். மாமி இருந்தபடியால் இருந்தார்.

குண்டு எங்கள் ஒழுங்கையில் விழவில்லை. ஆனால் நிலம் தூக்கிப் போட்டது. தலைமேல் மண் கொட்டியது. பொம்மர் போகாமல் சுற்றிச் சுற்றி வந்தது. மாமி தேவாரத்தை முணுமுணுத்தா. அவதியர் மண்ணில் சப்பாணி கட்டி இருந்தார். திரேசக்காவின் புண்காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார். ஒரு விரல்கூட அசையவில்லை.

சத்தம் அடங்கி மேலே வந்தபோது வீட்டு ஓடுகள் கொஞ்சம் உடைந்து கிடந்தன. குசினி முழுக்கத் தூசி. சட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. தணல் சாம்பலாகப் பூத்திருந்தது. அவதியர் கிட்டப் போகவில்லை. "நீ திற பிள்ளை" என்றார். அவர் என்னை அந்தச் சட்டியைத் தொட விட்டது அன்றுதான்.

திறந்தேன். கருப்பட்டி நிறத்தில் உருண்டு திரண்டு, கீறின இடத்தில் வாய் பிளந்து, ஒரு முழுப் பாண். எடுத்து அடிப்பக்கத்தைத் தட்டினால் வெறும் பெட்டியைத் தட்டின மாதிரிச் சத்தம். வறுத்த கோதுமையும் மோரும் சேர்ந்த ஒரு மணம், குண்டுப் புகை மணத்துக்கு மேலாலே எழும்பி வந்தது.

திரேசக்கா ஒரு துண்டை, மிளகாய் இடித்த கட்டைச் சம்பலோடு வாயில் வைத்து, தன் வழக்கப்படி மென்றா. மென்றுகொண்டே இருந்தா.

"எப்பிடி?"

அவ மற்றக் கடைவாய்க்கு மாற்றி மென்றா.

"எப்பிடியெண்டு சொல்லன்!"

"விழுங்க விடுங்கோவன்." விழுங்கினா. "உப்புக் கொஞ்சம் காணாது." பிறகு அடுத்த துண்டை எடுத்தா.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. சட்டி அடுப்பில் ஏறினால் அவதியர் பங்கருக்குள் இறங்கவேண்டும். செபமாலையைக் கொடுத்து திரேசக்காவே அனுப்புவா. உள்ளேயிருந்து "போதுமோ?" என்று குரல் வரும். "ஆறுதலா இருங்கோ" என்று பதில் போகும். இதில் ஒரு சிக்கல். அவதியர் பங்கருக்குள் இறங்குவதை வேலிக்கு மேலால் கண்ட பக்கத்து வீட்டார் பொம்மர் வருகிறது என்று தாங்களும் இறங்கினார்கள். அவர்களைக் கண்டு அடுத்த வீட்டார். வானத்தில் ஒரு காகமும் இல்லை. ஒழுங்கை முழுக்கப் பதுங்கியிருக்கும். பாண் வெந்ததும் மாமி வெளியே வந்து "எழும்பி வாங்கோ, வெந்திட்டுது!" என்று கத்தவேண்டியிருந்தது. உங்களுக்குச் சொன்னால் நம்பமாட்டீர்கள், பிறகு அவர்களும் ஆளுக்கொரு துண்டு வாங்காமல் வீட்டுக்குப் போவதில்லை.

புண் ஆறியது. விரலை எடுக்கவில்லை. தேடிப் பிடித்த மருந்தோ, கறுத்த பாணோ, திரேசக்காவின் பொறுமையோ, எனக்குத் தெரியாது. அவதியரைக் கேட்டால் "சோடா" என்பார்.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தபோது, செம்மணி வெளியில் மழையிலும் சனநெரிசலிலும் நாங்கள் அவதியரையும் திரேசக்காவையும் தவறவிட்டோம். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் எங்களுக்கு இடம் கிடைத்தது. மாமிக்குக் காய்ச்சல். எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று தலையை ஆட்டினா. அவர்கள் உயிரோடு இருக்கிறார்களோ என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

ஒரு பின்னேரம் வாசலில் சைக்கிள் மணி விடாமல் அடித்தது. பார்த்தால் அவதியர். பெனியனோடு நிற்கிறார். போட்டிருந்த சேட்டைக் கழற்றி எதையோ சுற்றிக் கையில் வைத்திருக்கிறார். சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு கோயில் மண்டபத்தில் இருக்கிறார்களாம். நாங்கள் இங்கே இருக்கிற செய்தி மத்தியானம்தான் குருவானவர் மூலம் கிடைத்ததாம்.

"திரேசக்கா எப்பிடி அண்ணை?"

"நடக்கிறாள். அங்கை தனிய இருக்கிறாள், நான் போகவேணும். இதை அம்மாவுக்குக் குடு."

"இருங்கோ அண்ணை, தேத்தண்ணி..."

"குடிச்சிட்டன்."

சொல்லிக்கொண்டே சைக்கிளில் ஏறிவிட்டார். சேட்டைக்கூடத் திருப்பி வாங்கவில்லை. மாமி எழும்பி இருந்து, "ஆர், அவதியரோ?" என்று கையை நீட்டினா. நான் சேட்டைப் பிரித்தேன். அவ்வளவு தூரம், அந்தச் சனத்துக்குள்ளாலே, அந்தச் சேற்றுக்குள்ளாலே மனிசன் எப்படி மிதித்து வந்திருப்பார்!

பாண் இன்னும் கையைச் சுட்டது.